இருக்கையும் இரண்டு எலும்புகளும்

மோட்டார் சைக்கிளுக்குப் புதிய இருக்கை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதன்முதலில் செய்கிற காரியம், கட்டைவிரலால் அதை அமுக்கிப் பார்ப்பதுதான். விரல் ஆழப் புதைந்தால் திருப்தி உண்டாகிறது. புதையாமல் எதிர்த்து நின்றால் வேறு காட்டும்படி கேட்கிறார்கள். அடுத்தபடியாக அதன்மேல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்த்து, அந்த இரண்டு நிமிஷத்தின் சுகத்தைக் கொண்டு இனி வரப்போகும் நெடும் பிரயாணங்களின் சுகத்தை அநுமானித்துக்கொண்டு, பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். விரல் நுனியின் பரப்பு ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர். உட்காருகிற மனிதனோ தன் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைப் பல நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் இறக்கி, மணிக்கணக்கில் அங்கேயே விட்டு வைக்கிறான். விரல் அறிவது மென்மையை. இடுப்புக்கு வேண்டியது தாங்குதல். இவ்விரண்டும் வெவ்வேறு குணங்கள் என்பதோடு, பல சமயங்களில் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்பதையும், நல்ல இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் காரியம் பொருளை அமுக்கிப் பார்ப்பதில் அல்ல, தன் சரீரத்தை அளந்துகொள்வதிலேயே தொடங்குகிறது என்பதையும் இந்த அத்தியாயத்தில் காண்போம்.

உட்காரும்போது நம்மைத் தாங்குவது சதைதான் என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. நிற்கும் நிலையில் பிட்டத்தின் பெருந்தசை இடுப்பெலும்பின் அடிப்பாகத்தை மூடிக்கொண்டிருக்கிறது. இடுப்பை மடித்து உட்கார்ந்த மாத்திரத்தில் அத்தசை பின்னும் மேலுமாக விலகிவிட, இடுப்பெலும்பின் கீழ்க்கோடியில் வலமும் இடமுமாகத் திரண்டிருக்கிற இரண்டு முண்டுகள், தோலும் கொஞ்சம் கொழுப்பும் ஒரு சிறிய திரவப் பையும் மாத்திரமே இடையில் இருக்க, நேராக ஆசனத்தின்மேல் வந்து அமர்கின்றன. நாற்காலியானாலும் திண்ணையானாலும் மோட்டார் சைக்கிளானாலும் நம் பாரம் பூமியை நோக்கி இறங்குகிற பிரதான வழி இந்த இரண்டு முண்டுகளே. பலகையின்மேல் நாள் முழுதும் உட்கார்ந்து தறி நெய்தவர்களுக்கு அந்தத் திரவப் பையில் வீக்கம் கண்டு வேதனை உண்டாவதைக் கவனித்த ஆங்கில வைத்தியர்கள், அந்நோய்க்கு நெசவாளரின் பெயரையே இட்டார்கள். இரண்டு முண்டுகளுக்கும் நடுவே, கவட்டுப் பகுதியில், பாரம் சுமப்பதற்காக ஏற்படாத நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்கின்றன. பின்னால் முதுகெலும்பின் முடிவில் வாலெலும்பு இருக்கிறது. முண்டுகளின்மேல் விழவேண்டிய பாரம் நடுவிலோ பின்னாலோ விழும்படி செய்கிற இருக்கை, பட்டுப்போல் தோன்றினாலும், கெட்ட இருக்கையே.

இவ்விரு முண்டுகளுக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலோருக்குச் சுமார் 10 முதல் 14 சென்டிமீட்டர் வரை இருக்கும். சராசரியாகப் பார்த்தால் பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று அதிகம். ஆனால் ஒருவருடைய பருமனைப் பார்த்து இதை ஊகித்துவிட முடியாது. கனத்த சரீரம் உடையவருக்குக் குறுகிய எலும்பும், மெலிந்தவருக்கு அகன்ற எலும்பும் இருப்பது சாதாரணம். அளந்து பார்ப்பதும் கஷ்டமான காரியமல்ல. பெட்டிகளில் வருகிற நெளி அட்டையில் ஒரு துண்டைக் கெட்டியான பெஞ்சின்மேல் வைத்து, மெல்லிய உடையுடன் அதன்மேல் உட்கார்ந்து, முழங்கால்கள் சற்று உயர்ந்திருக்கும்படி பாதங்களை ஊன்றி, ஒரு நிமிஷம் கழித்து எழுந்தால், அட்டையில் இரண்டு பள்ளங்கள் பதிந்திருக்கும். பள்ளங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரமே வேண்டிய அளவு. அதோடு இருபுறமும் சில சென்டிமீட்டர் சேர்த்தால், இருக்கையில் நாம் அமரும் இடத்தின் தட்டையான பகுதி குறைந்தபட்சம் எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். முண்டுகள் இருக்கையின் சரிந்த ஓரங்களில் உட்காரும்படி நேர்ந்தால், அவை வெளிநோக்கி வழுக்க, பாரம் நடுப்பகுதிக்கு மாறிவிடுகிறது. கம்பெனி இருக்கையின்மேல் மக்களுக்குள்ள குறையில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால் வருவதே என்பது என் அபிப்பிராயம்.

இனி அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர், பாதங்களும் கைகளும் ஏற்பது போக, 50 கிலோவை இருக்கையின்மேல் இறக்குகிறார் என்று வைத்துக்கொண்டால், உடம்பு படுகிற பரப்பு 500 சதுர சென்டிமீட்டராயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 100 கிராம் தாங்கவேண்டியிருக்கும்; வைத்தியர்கள் இரத்த அழுத்தத்தை அளக்கிற கணக்கில் இது சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். பரப்பை 1,000 சதுர சென்டிமீட்டராக விரித்தால் அது 37 ஆகக் குறையும். இவை சராசரிகள் மட்டுமே. கெட்டியான பரப்பில் முண்டுகளுக்கு நேர் கீழே அழுத்தம் இதைப்போல் பல மடங்கு ஏறும். 1930-ஆம் வருஷத்தில் யூஜீன் லாண்டிஸ் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், மனித விரலின் நகக்கண்ணிலுள்ள தந்துகிகளில் மிக நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி, இரத்தம் உள்ளே நுழைகிற முனையில் அதன் அழுத்தம் சராசரியாக 32 மில்லிமீட்டர் என்று கண்டார். விரலில் கண்ட அளவைப் பிட்டத்துக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது சரியாகாது. எனினும், வெளியிலிருந்து வருகிற அழுத்தம் இந்த அளவைக் கடக்கக் கடக்கத் தந்துகிகள் நசுங்கி இரத்தவோட்டம் குன்றும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. மேற்சொன்ன இரண்டு கணக்குகளும் அந்த எல்லையைத் தாண்டியே நிற்பதைக் கவனிக்கவேண்டும். அதாவது, எவ்வளவு சிறந்த இருக்கையும் இந்தச் சங்கடத்தை முழுதும் போக்கிவிடாது. அது தொடங்கும் நேரத்தைத் தள்ளிப்போடத்தான் முடியும்.

இயற்கை இதற்குச் செய்துவைத்திருக்கிற பரிகாரம் அசைவு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தம்மை அறியாமலே சில நிமிஷங்களுக்கொரு முறை ஒருபுறம் சாய்ந்தும், முன்னே நகர்ந்தும், காலை மாற்றிப் போட்டும், நசுங்கிய இடத்துக்கு இரத்தத்தைத் திரும்ப அனுப்பிக்கொள்கிறார். மோட்டார் சைக்கிளில் அந்தச் சுதந்திரம் பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆகையால் இருக்கையின் வடிவத்தைத் தீர்மானிக்கையில் இரண்டு நன்மைகளுக்கு இடையே வழக்குத் தீர்க்கவேண்டியிருக்கிறது. உடம்பின் வளைவுக்கேற்பக் குழிவாகச் செதுக்கிய இருக்கை பரப்பை அதிகமாக்கி அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆனால் ஓட்டுகிறவரை ஒரே இடத்தில் சிறைப்படுத்தியும் விடுகிறது. சமதளமான இருக்கை அழுத்தத்தை அவ்வளவு நன்றாகப் பங்கிடாவிட்டாலும், முன்னும் பின்னும் நகர்ந்துகொள்ள இடம் தருகிறது. நெடுஞ்சாலையிலேயே நாளைக் கழிக்கிறவருக்கு முன்னதும், மலைப் பாதையிலும் கரடுமுரடான வழிகளிலும் அடிக்கடி எழுந்து நின்று ஓட்டுகிறவருக்குப் பின்னதும் ஏற்றவை. அமெரிக்காவில் 1968 முதல் இருக்கை செய்யும் தொழிலில் ஈடுபட்டுவரும் மைக் கார்பினின் இருக்கைகள் முதல் நாள் உட்காருகிறவருக்குக் கட்டைபோல் தோன்றுகிற கெட்டித்தன்மைக்கே பெயர் பெற்றவை. ரஸ்ஸல் என்பாரின் ‘டே-லாங்’ இருக்கை இரு பக்கமும் சிறகுகள் விரிந்து தொடைகளின் மேற்பகுதியையும் தாங்குகிறது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டினால் சான்றிதழ் அளிக்கும் ‘அயர்ன் பட்’ சங்கத்தாரைப் போன்ற நெடுந்தூரப் பிரயாணிகள் பெரும்பாலும் நாடுவது இப்படிப்பட்ட கெட்டியான, அகன்ற ஆசனங்களையே அன்றி, விரல் புதைகிற மெத்தைகளை அல்ல.

இருக்கையின் சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் இக்காலத்துக் கடைகளில் விற்கும் சில பொருள்களின் தராதரம் விளங்கும். ஆதிகால மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது; சாலையின் ஒவ்வொரு குழியும் நேரே ஓட்டுகிறவரின் முதுகெலும்பில் வந்து இடித்தது. பர்மிங்ஹாம் நகரத்து புரூக்ஸ் கம்பெனியார் செய்ததைப் போன்ற, இழுத்துக் கட்டிய கனத்த தோலும் அதன் அடியில் இரண்டு சுருள்வில்களுமாக அமைந்த ஒற்றை ஆசனமே அந்நாளில் பின்பக்கத்துக்கு இருந்த ஒரே அதிர்ச்சித்தாங்கி. அந்தத் தோல் நாளாவட்டத்தில் ஓட்டுகிறவருடைய எலும்புகளுக்கேற்பத் தானே குழிந்து கொடுக்கும். அடியில் தகடு இல்லாததால் எவ்வளவு தாழ்ந்தாலும் தட்டாது. 1948-இல் ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் தங்கள் புதிய புல்லட்டைக் கோல்மோர் கோப்பைப் பந்தயத்தில் காட்டியபோது, பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் கவையும் அதைத் தாங்கும் வில்களும் அதில் இருந்தன. அதிர்ச்சியைத் தாங்கும் பொறுப்பு ஆசனத்திடமிருந்து சட்டத்துக்கு மாறிவிட்டது. அதன்பின் இருவர் உட்காரும் நீண்ட மெத்தையிருக்கை எங்கும் பரவியது. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாருடன் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா ஏற்பட்டு, திருவொற்றியூரில் அந்த வண்டி நம்மவர் கையாலேயே உருவாகத் தொடங்கியது நாம் அறிந்ததே.

இன்று அதே குலத்து வண்டிகளுக்குச் சுருள்வில் வைத்த ஒற்றை ஆசனங்கள் புராதன அழகுக்காக மறுபடியும் விற்பனைக்கு வருகின்றன. அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பின்வில்லும் எண்ணெய்த் தணிப்பானும் உள்ள வண்டியின்மேல், தணிப்பான் ஏதும் இல்லாத இன்னொரு வில்லை ஏற்றினால், குழியைக் கடந்த பிறகும் உடம்பு தன்பாட்டில் குதித்துக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் கவனிக்கவேண்டியது, வில் முழுதும் அமுங்கும்போது ஆசனம் மட்கார்டில் இடிக்காமல் இருக்கிறதா என்பதையும், தம் எடைக்கு ஏற்ற கனமுள்ள வில்தானா என்பதையுமே.

மெத்தையிருக்கையின் உயிர் அதன் உள்ளேயிருக்கும் ஃபோம். ஜெர்மனியில் லெவர்குசென் நகரில் ஓட்டோ பேயர் 1937-இல் கண்டுபிடித்த பாலியூரித்தேன் என்னும் பொருளின் வம்சத்தைச் சேர்ந்தது அது. கோடிக்கணக்கான நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்து கிடக்க, அமுக்கும்போது அவற்றின் மெல்லிய கம்பிகள் முதலில் வளைகின்றன. இன்னும் அமுக்கினால் நெளிந்து மடிகின்றன. அதற்கு மேலும் அமுக்கினால் அறைகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கெட்டிப்படுகின்றன. ஆரம்பத்தில் காட்டும் எதிர்ப்பு ஒன்று, ஆழத்தில் காட்டும் எதிர்ப்பு மற்றொன்று என்பதே இங்கே மர்மம். தொழிற்சாலைகளில் 323 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத் தகட்டினால் ஃபோமை அதன் உயரத்தில் 25 சதவீதம் அமுக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது, 65 சதவீதம் அமுக்க எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அளந்து, பின்னதை முன்னதால் வகுத்துப் பார்க்கிறார்கள். அந்த ஈவு பெரியதாக இருந்தால், தொட்டவுடன் மெதுவாகவும் ஆழத்தில் உறுதியாகவும் தாங்குகிற நல்ல ஃபோம் என்று அர்த்தம். ஈவு சிறியதாயின், உழுது நீர் பாய்ச்சிய வயலில் கால் வைத்தவன் சேறு முழுவதையும் கடந்து அடித்தரை தட்டும்வரை புதைவதைப்போல், எலும்பு முண்டுகள் மெத்தை முழுவதையும் கடந்து அடித்தகட்டைத் தேடிச் சென்று நிற்கும். கடையில் இரண்டு நிமிஷத்தில் இது தெரியாது. உடம்பின் சூடும் வியர்வையின் ஈரமும் ஏறி, ஃபோம் இளகி, அரைமணிக்குப் பிறகுதான் தெரியவரும்.

அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்லப்படும் அடர்த்தி, பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் காட்டுகிறதேயொழிய, அது மெதுவா கெட்டியா என்பதைக் காட்டுவதில்லை. வீட்டுத் திண்டுகளுக்குப் போடுகிற, முப்பதுக்கும் குறைந்த அடர்த்தியுள்ள ஃபோமை மோட்டார் சைக்கிளில் வைத்தால் சில மாதங்களில் தொய்ந்துபோகும். ஐம்பது கிலோ அளவிலாவது அடர்த்தி இருப்பது விரும்பத்தக்கது. துணுக்குகளை அழுத்தி ஒட்டிச் செய்த ரீபாண்டட் ஃபோம் அடியில் கெட்டியாகத் தாங்குவதற்கு ஏற்றது; அதன்மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு மெதுவான ஃபோமைப் படுக்கவைத்து ஒட்டினால், முதல் ஸ்பரிசத்துக்கு ஒன்றும் நெடுநேரத் தாங்கலுக்கு மற்றொன்றுமாக வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். நல்ல குஷன் வேலைக்காரர்கள் புத்தகம் படிக்காமலே இந்த உண்மையை அறிந்து கையாண்டு வருகிறார்கள். அவர்களுடைய அநுபவ ஞானத்துக்கு உரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘மெமரி ஃபோம்’ என்று விளம்பரப்படுத்தப்படுவது, 1966-இல் சார்லஸ் யோஸ்ட் என்பவர் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக, விமான இருக்கைகளை உத்தேசித்து உருவாக்கிய பொருளின் சந்ததி. உடம்பின் சூட்டுக்கு இளகி வடிவத்தை வாங்கிக்கொள்வது அதன் சிறப்பு; ஆனால் அதே குணத்தால், உதகமண்டலத்தின் விடியற்காலைக் குளிரில் இறுகியும், சென்னையின் கோடை வெயிலில் தளர்ந்தும் போகிறது. ஆகையால் மேற்படையாக மெல்லியதாக வைத்தால் மட்டுமே அது உபயோகப்படும். ஜெல் பட்டைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை; அழுத்தத்தை ஓரளவு பரப்பினாலும், அவை அமுங்கிக் கொடுப்பதில்லை, கனமானவை, வெயிலில் நிறுத்தினால் சூட்டை வாங்கி நெடுநேரம் விடாமல் வைத்திருக்கின்றன. காற்றறைகளால் ஆன மேல்திண்டு இவற்றைவிடச் சாஸ்திரீயமானது. ஒன்றோடொன்று இணைந்த அறைகளில் அடைபட்ட காற்று எங்கும் ஒரே அழுத்தத்தைக் காட்டும் என்ற பாஸ்கலின் விதி இங்கே வேலை செய்கிறது. அசைய இயலாத நோயாளிகளின் சக்கர நாற்காலிகளுக்காக ஏற்பட்ட இந்த முறையே பின்பு மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. பெரும்பாலோர் செய்யும் பிழை அதில் காற்றை நிறைய ஊதிவிடுவது. உடம்பு அடியிருக்கையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் மிதந்தால் போதும். அதற்கு மேல் ஊதினால் உடம்பு பந்தின்மேல் அமர்ந்ததாகி, வளைவுகளில் நிதானம் கெடும்.

அதிர்வின் கணக்கு தனி. விநாடிக்கு நான்கிலிருந்து ஆறு முறை மேலும் கீழும் குலுக்கினால் மனித உடம்பு அந்தக் குலுக்கலைத் தன்னுள்ளே பெருக்கிக்கொள்கிறது. அதுவே முதுகுத்தண்டும் வயிறும் ஒத்ததிர்கிற எல்லை. மனிதன் அமர்ந்த ஃபோம் மெத்தையின் சொந்த அதிர்வெண்ணும் ஏறத்தாழ விநாடிக்கு நான்கு என்ற அளவிலேயே அமைந்துவிடுவது துரதிருஷ்டம். நான்கு மீட்டருக்கு ஒரு மேடு வீதம் அலையலையாகக் கிடக்கும் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு விநாடிக்கு நான்குக்குச் சற்று மேற்பட்ட குலுக்கல்கள் கிடைக்கும்; மெத்தை எவ்வளவு தடிமனாகவும் மெதுவாகவும் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக அவர் எகிறுவார். இதற்கு மாறாக, 3,000 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தின் விநாடிக்கு 50 அதிர்வுகளைச் சாதாரண ஃபோமே நன்றாகத் தடுத்துவிடுகிறது. இயந்திரத்தின் நடுக்கத்தைப் போக்கும் பொருட்டு மெத்தையை மேலும் மேலும் தடிப்பாக்குவது வீண். அந்த நடுக்கம் கைப்பிடியாலும் கால்மிதியாலும் வருவது. சாலைக் குலுக்கலுக்கோ பரிகாரம் பின்வில்லைத் தம் எடைக்குத் தகத் திருத்திக்கொள்வதில் இருக்கிறது. தேய்ந்துபோன பின்வில்லை வைத்துக்கொண்டு புது இருக்கைக்குச் செலவழிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மெய்யாகவே வருத்தமாயிருக்கிறது.

உயரமும் சாய்வும் மெத்தையைவிட முக்கியமானவை என்று சொன்னாலும் மிகையாகாது. தரையில் கால் எட்டவில்லை என்பதற்காக இருக்கையைச் சீவித் தாழ்த்துகிறவர்கள் அநேகர். 785 மில்லிமீட்டர் உயரமுள்ள ஸ்பிளெண்டரிலிருந்து 805 மில்லிமீட்டர் உயரமுள்ள கிளாசிக் வண்டிக்கு மாறுகிற குள்ளமானவர்களுக்கு அந்த ஆசை உண்டாவது இயல்பே. ஆனால் கால்மிதி இருந்த இடத்திலேயே இருக்க, ஆசனம் மட்டும் தாழ்ந்தால் முழங்காலும் இடுப்பும் முன்னைவிட மடங்குகின்றன. 1953-இல் அமெரிக்க மருத்துவரான கீகன், பல நிலைகளில் உட்கார்ந்தும் படுத்தும் இருந்தவர்களை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, உடலுக்கும் தொடைக்கும் இடையே சுமார் 135 பாகை இருக்கும்போதே கீழ்முதுகின் இயற்கையான வளைவு நிலைபெறுகிறது என்றும், இடுப்பை மடக்க மடக்கத் தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுத்து அந்த வளைவைத் தட்டையாக்குகின்றன என்றும் விளக்கினார். ஆகவே சீவப்பட்ட இருக்கையில் தரை எட்டுகிற நிம்மதி கிடைக்கும். கூடவே இரண்டு மணி நேரத்தில் முதுகுவலியும் கிடைக்கும். சீவுவதானால் இருக்கையின் முன்பகுதியில், தொடைகளுக்கு இடையில் வருகிற ஓரங்களைச் சீவிக் குறுக்குவது மேல். கால் நேராகக் கீழே இறங்குவதால், உயரத்தைக் குறைக்காமலே தரை எட்டும். பின்னால் எலும்புகள் அமரும் அகலத்துக்கும் பங்கம் வராது.

சாய்வைப் பற்றி ஒன்று. பல கம்பெனி இருக்கைகள் முன்னோக்கிச் சரிந்திருக்கின்றன. ஒவ்வொரு பிரேக்கிலும் உடம்பு பெட்ரோல் டாங்கை நோக்கி வழுக்க, அதைக் கைகளால் தள்ளித் தள்ளித் திரும்ப ஏற்றவேண்டியிருக்கிறது. கவட்டுப் பகுதி நசுங்குகிறது, மணிக்கட்டு வலிக்கிறது, மரத்துப்போகிறது. எலும்புகள் அமரும் இடத்தையாவது சமதளமாக்குவது, செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததுமான திருத்தம். காற்சட்டையின் பின்பையில் தடித்த மணிபர்ஸை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கத்தையும் இத்துடன் சேர்த்து நிறுத்தவேண்டும். ஒருபுற முண்டு உயர்ந்து இடுப்பே கோணலாகி நிற்கையில் எந்த ஆசனமும் என்ன செய்யமுடியும்?

வண்டிக்குப் பொருந்துவது என்ற விஷயத்தில் நீண்ட விளக்கம் அவசியமில்லை. ஆனால் அசட்டையும் கூடாது. இருக்கையின் அடித்தகட்டில், முன்னால் டாங்குக்கு அடியில் நுழைகிற நாக்கு, பின்னால் பூட்டில் விழுகிற கொக்கி, நடுவே சட்டத்தின்மேல் அமர்கிற ரப்பர் புஷ்கள் ஆகிய மூன்றும் தத்தம் இடத்தில் ஒருங்கே உட்காரவேண்டும். ஒரே பெயருள்ள வண்டியிலும் வருஷத்துக்கு வருஷம் இந்த அமைப்பு மாறுவதுண்டு. ரப்பர்கள் சட்டத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் முழுப் பாரமும் நாக்கிலும் கொக்கியிலும் தொங்கி, பிளாஸ்டிக் தகடு நாளடைவில் வெடிக்கும். ரப்பரில் சுண்ணாம்பைத் தடவி, இருக்கையைப் பூட்டி உட்கார்ந்து எழுந்து, சட்டத்தில் அடையாளம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

மேலுறைக்கு நம் ஊரில் ரெக்சினே வழக்கம். கறுப்பு ரெக்சின் சித்திரை வெயிலில் கொதிப்பதையும், அது வியர்வையை வெளியே விடாததையும் சொல்லத் தேவையில்லை. தோலின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் திசுக்களின் பிராணவாயுத் தேவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. இரத்தவோட்டம் குன்றிய இடத்திலேயே தேவையும் கூடுவதால் எரிச்சல் சீக்கிரம் தொடங்குகிறது. ஈரப்பட்ட தோலில் உராய்வும் அதிகம். தெருவோரக் கடைகளில் விற்கும் தடித்த வலையுறை பார்க்க அழகில்லாவிட்டாலும், உடம்புக்கும் ரெக்சினுக்கும் நடுவே காற்றோட இடம் தருவதால் நம் சீதோஷ்ணத்துக்கு மிகவும் உகந்தது. தையல் வரிகள் எலும்பு அமரும் இடத்தில் குறுக்கே ஓடாமல் இருக்கும்படி தைப்பவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். அந்தத் துளைகளின் வழியே மழைநீர் இறங்கி ஃபோமை ஊறவைக்காதபடி, உறைக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் போடச் சொல்லவேண்டும்.

பின்னால் உட்காருகிறவரை மறந்துவிட்டு இருக்கையைத் தேர்ந்தெடுக்கிற சுயநலம் அதிகமாகக் காணப்படுகிறது. வெளிநாட்டு மாதிரியைப் பார்த்துச் செய்த, நடுவில் உயர்ந்த படியும் இரண்டு குழிகளும் உள்ள இருக்கைகள், இருவரும் கால்களை இருபுறமும் போட்டு உட்காருவார்கள் என்ற அநுமானத்தில் வடிக்கப்பட்டவை. புடவை கட்டி ஒருபுறமாக உட்காருகிற தாய்க்கும் மனைவிக்கும் அந்தக் குழியின் ஓரம் தொடையின் அடியில் அறுக்கும். குறுகிய பின்பகுதியில் அவருடைய பாரத்தில் பாதி வெளியே தொங்கும். வீட்டில் அப்படி உட்காருகிறவர் இருந்தால், பின்பகுதி தட்டையாகவும் அகலமாகவும் உள்ள இருக்கையைத் தவிர வேறொன்றை எண்ணிப் பார்க்கவே கூடாது. பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருந்தாகவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி கூறுகிறது. புது இருக்கையை மாட்டும் அவசரத்தில் பழைய இருக்கையோடு பிடிவாரையும் கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆயத்தமாக விற்கும் இருக்கை எதுவும் தம் அட்டையின் அளவுக்கு ஒத்துவராதவர்கள், பழைய இருக்கையையே குஷன் கடையில் கொடுத்துத் திருத்திக்கொள்வது சிக்கனமும் புத்திசாலித்தனமும் ஆகும். ஆனால் வேலை தொடங்குமுன்பே கடைக்காரரோடு ஒரு நிபந்தனை பேசிக்கொள்ளவேண்டும்: ஃபோமை வெட்டி ஒட்டிச் சீவியபின், மேலுறையை உடனே இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்து முடித்துவிடாமல், பழைய உறையையே தளர்த்திப் போட்டுக் கொடுக்க, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, எந்த இடம் குத்துகிறது, எந்த இடம் வழுக்குகிறது என்று சாக்கட்டியால் குறித்துக் காட்டினால், அந்த இடத்தை மறுபடியும் சீவியோ ஒட்டியோ தரவேண்டும், புது ரெக்சின் அதற்குப் பிறகுதான். சொன்னபடி செய்துதர இசைகிற கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கூலி கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.